ஹொனோகாவில் வேலை: சர்க்கரை ஆலை மூடிய ஊரில் குடும்பத்தோடு இருக்கலாமா?

வைகைக்கரை

அனைவருக்கும் வணக்கம். மனைவிக்கு ஹவாயின் பெரிய தீவில், ஹொனோகா என்ற ஊரில் நர்ஸ் வேலை கிடைத்திருக்கிறது. இப்போது டெக்சஸில் இருக்கிறோம். எனக்கு வீட்டிலிருந்தே வேலை. பையன் ஐந்தாம் வகுப்பு.

ஊரைப் பற்றித் தேடிப் பார்த்தேன். இரண்டாயிரத்துச் சொச்சம் பேர், ஒரே கடைவீதி, முன்பு கரும்புத் தோட்டம், 1994இல் ஆலை மூடல் என்பது வரை தெரிகிறது. அதற்கு மேல் படிப்பதெல்லாம் ஒன்று ‘பழமை மாறாத அழகிய சிற்றூர்’, இல்லையென்றால் ‘செத்துப்போன ஊர்’. எழுதியவர்கள் எல்லோரும் காரை விட்டு இறங்கிப் பத்து நிமிடம் நின்றவர்கள் மாதிரித்தான் தெரிகிறது. வாடகைக்குப் பார்த்த வீடுகளில் ‘பிளாண்டேஷன் வீடு’ என்று பெருமையாகப் போட்டிருக்கிறார்கள். நம் தேயிலைத் தோட்ட லயம் மாதிரியா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மழைத்தீவு

வாங்க, வாங்க. நான் ஹமாகுவாக் கரையில்தான் இருக்கிறேன், ஹொனோகாவுக்குக் கொஞ்சம் தெற்கே.

முதலில் இடம். தீவின் பெரிய ஊரான ஹிலோவிலிருந்து வடக்கே சுமார் 65 கி.மீ. இன்னொரு பக்கம் வைமேயா என்ற ஊர் 25 கி.மீ. ஊர் கடலை ஒட்டி இல்லை. கடலைப் பார்த்த சரிவில் ஆயிரம் அடி உயரத்தில் இருக்கிறது. ஹவாய் என்றதும் மணலும் தென்னையும் நினைத்துக்கொண்டு வராதீர்கள். இந்தக் கரை முழுக்கச் செங்குத்துப் பாறை, கீழே நேராகக் கடல். மழை நிறைய. அலமாரியில் வைத்த தோல் செருப்பு பூஞ்சை பிடித்துப் பச்சையாகிவிடும்.

வீடு லயம் இல்லை. தனித்தனி வீடுதான். தகரக் கூரை, சுற்றிலும் கொஞ்சம் கொல்லை, தரையிலிருந்து கட்டைக் கால்களில் தூக்கிக் கட்டியிருப்பார்கள். சுவர்தான் விஷயம். ஒரே பலகை. வீட்டுக்குள் தெரிவதும் அதுதான், தெருவுக்குத் தெரிவதும் அதுதான்; ஒரு அங்குலம்கூட இராது. படம் மாட்ட நீளமான ஆணி அடித்தால் முனை தெருப்பக்கம் எட்டிப் பார்க்கும். தகரத்தில் மழை பிடித்துக்கொண்டால் உங்கள் அலுவலக மீட்டிங்கில் எல்லோருக்கும் மழைதான் கேட்கும்.

சீலிங் பற்றிக் கண்டிப்பாகக் கேளுங்கள். பழைய வீடுகளில் ‘கானெக்’ என்ற அட்டைதான் சீலிங். கரும்புச் சக்கையை அழுத்திச் செய்தது. ஹிலோவில் 1932 முதல் 1963 வரை இதற்கென்றே ஒரு தொழிற்சாலை ஓடியது. கரையான் அரிக்காமல் இருக்க அதில் ஆர்செனிக் கலந்தார்கள். பெயிண்ட் அடித்து, உடையாமல், நனையாமல் இருந்தால் பெரிதாகப் பயமில்லை. ஓட்டை போடுவது, உப்புத்தாள் தேய்ப்பது, தானே பிய்த்துப் போடுவது எல்லாம் கூடாது. சீலிங்கில் ஈரக்கறை இருக்கிற வீட்டை விட்டுவிட்டு அடுத்ததைப் பாருங்கள்.

வைகைக்கரை

அட, சீலிங்கில் ஆர்செனிக்கா! மனைவியிடம் இப்போதைக்குச் சொல்லப்போவதில்லை :) சரி, ஆலை மூடி முப்பது வருடம் ஆகிவிட்டதே, ஊர்க்காரர்கள் எதை வைத்துப் பிழைக்கிறார்கள்?

கரும்புத்தோகை

நான் ஹிலோவில் இருக்கிறேன். கணவர் ஹமாகுவாவில் பிறந்து வளர்ந்தவர். மாமனார் பிலிப்பைன்ஸின் இலோகோஸ் பக்கத்திலிருந்து 1946இல் தோட்ட வேலைக்கு வந்தவர், மாமியார் இங்கேயே பிறந்த ஜப்பானியர். அதனால் ‘அந்தக் காலத்தில்’ என்று ஆரம்பிக்கும் கதைகளை நிறையக் கேட்டிருக்கிறேன்.

ஆலைச் சங்குதான் ஊருக்குக் கடிகாரம். வெளிச்சம் வருமுன்னே ஊதி எழுப்பும், இரவு பிள்ளைகள் வீட்டுக்குள் போக வேண்டிய நேரத்துக்கும் ஊதும். குடியிருப்பை கேம்ப் என்பார்கள்: ஜப்பானியர் கேம்ப், பிலிப்பினோ கேம்ப், போர்த்துகீசியர் கேம்ப் என்று இனவாரியாகப் பிரித்து வைத்திருந்தார்கள். போர்த்துகீசியர் கேம்பில் கல் அடுப்பு கட்டி ரொட்டி சுடுவார்கள், ஜப்பானியர் கேம்பில் பொதுக் குளியல் தொட்டி. வீடு கம்பெனி வீடு, மருத்துவர் கம்பெனி மருத்துவர், கடையும் கம்பெனிக் கடை.

மாமியாரின் அப்பாவுடைய ‘பாங்கோ’ இன்னும் எங்கள் வீட்டில் இருக்கிறது. பித்தளைத் தகடு, நம் ஊரில் நாய்க்கு லைசென்ஸ் வில்லை கட்டுவார்களே, அந்த அளவுதான். மேலே ஓட்டை, நடுவில் எண். பெயர் கிடையாது. சம்பளம் வாங்க அந்த எண்தான், கடையில் பற்று எழுதவும் அதே எண்தான். சம்பள நாளன்று பற்றுப் போக மீதியைத் தருவார்கள். சில மாதம் மீதி என்று ஒன்று இருக்காதாம்.

அப்படி இருந்தும் மாமியார் அந்த வாழ்க்கையைப் பற்றிக் குறையாக ஒரு வார்த்தை பேச மாட்டார். கதவைப் பூட்டியதே இல்லை, வயலில் சாப்பாட்டு நேரத்தில் அவரவர் டப்பாவைத் திறந்து நடுவில் வைத்துப் பகிர்ந்துகொள்வோம், இப்போது அப்படி யார் இருக்கிறார்கள் என்பார். ஆலை மூடியபோது அழாதவர்கள் இல்லை.

பிழைப்பு என்று கேட்டீர்கள். நிறையப் பேர் விடியுமுன் காரை எடுத்துக்கொண்டு மேற்குக் கரை ஓட்டல்களுக்கு வேலைக்குப் போகிறார்கள், போகவே ஒரு மணி நேரம் ஆகும். பள்ளிக்கூடம், மருத்துவமனை, அரசு வேலை உண்டு. மீதி விவசாயம், கடை, மாட்டுப் பண்ணை.

கறுப்பு_மை

நியூஜெர்சியில் இருந்துகொண்டு இதில் தலையிடுகிறேன், மன்னிக்கவும். படிப்பு வரலாறு என்பதால் சும்மா இருக்க முடியவில்லை.

கரும்புத்தோகை அக்கா, உங்கள் மாமியாரின் நினைவை மதிக்கிறேன். ஆனால் ‘டப்பாவைப் பகிர்ந்துகொண்டோம்’ என்ற கதையை ஹவாயில் சுற்றுலாத் துறை வரை எல்லோரும் விற்கிறார்கள். யாரோடு பகிர்ந்தார்கள், ஏன் அத்தனை இனத்தாரைக் கொண்டுவந்தார்கள் என்று கேட்டால் கதை வேறு மாதிரி. 1852இல் சீனர்கள் வந்தார்கள். 1878இல் மதைராவிலிருந்தும் அசோரெஸ் தீவுகளிலிருந்தும் போர்த்துகீசியர்கள். 1885இல் அரசு ஒப்பந்தத்தில் ஜப்பானியர்கள். 1900இல் போர்ட்டோரிக்கோக்காரர்கள், 1903இல் கொரியர்கள், 1906இல் பிலிப்பினோக்கள். ஒரு கூட்டம் கூலி உயர்வு கேட்டு நின்றால் இன்னொரு கூட்டத்தை வைத்து உடைக்கலாம் என்பதும் அந்தக் கணக்கில் உண்டு. 1909இல் ஒஆகு தீவில் ஒரே வேலைக்கு ஜப்பானியருக்கு மாதம் 18 டாலர், போர்த்துகீசியருக்கும் போர்ட்டோரிக்கோக்காரருக்கும் 22.50 டாலர். லூனா எனப்பட்ட கங்காணிகளில் பெரும்பாலோர் வெள்ளையர்களும் போர்த்துகீசியர்களும்தான்.

ஹொனோகாவுக்கே ஒரு கதை இருக்கிறது. 1885இல் முதல் கப்பலில் வந்த ஜப்பானியர்களில் கட்சு கோத்தோ என்று ஒருவர். ஒப்பந்தக் காலம் முடிந்ததும் ஊரில் கடை வைத்தார். ஆங்கிலம் தெரியும் என்பதால் தொழிலாளர்கள் நிர்வாகத்திடம் பேச அவரைத்தான் தேடிப் போனார்கள். பக்கத்துத் தோட்டத்தில் கரும்பு வயல் தீப்பிடித்தது. சந்தேகம் தொழிலாளர்கள் மேல். அவர்களுக்கு ஆலோசனை சொல்லப் போய்விட்டு இரவில் திரும்பியவரை வழிமறித்தார்கள். 1889 அக்டோபர் 29ஆம் தேதி காலை தொலைபேசிக் கம்பத்தில் தொங்கினார். நான்கு பேருக்குத் தண்டனை கிடைத்தது, அதுவும் கொலைக் குற்றமாக இல்லை. ஊரில் அவருக்கு நினைவுச் சின்னம் இருக்கிறது. வைகைக்கரை, அங்கே போனால் பையனைக் கூட்டிப் போய்க் காட்டுங்கள்.

குறும்பலா

ஒரு சின்னச் சந்தேகம். பிஜி, மொரீஷியஸ், நேட்டால், கயானா என்று கரும்பு இருந்த இடத்துக்கெல்லாம் நம் ஆட்களை ஏற்றி அனுப்பினார்களே, ஹவாயை மட்டும் எப்படி விட்டார்கள்?

கறுப்பு_மை

அப்போது ஹவாய் பிரிட்டிஷ் காலனி இல்லை, தனி அரசு. இந்தியக் கூலி ஒப்பந்தம் பெரும்பாலும் பிரிட்டிஷ் காலனிகளுக்கும், பிரிட்டனோடு ஒப்பந்தம் போட்ட பிரெஞ்சு, டச்சுக் காலனிகளுக்கும்தான் ஆள் அனுப்பியது. ஹவாய் அந்த வலைக்குள் வரவில்லை.

மழைத்தீவு

ஆள் வரவில்லை, கீரிப்பிள்ளை வந்தது. நிஜமாகத்தான். கரும்பைத் தின்ற எலியைப் பிடிக்க 1883இல் ஹமாகுவாத் தோட்டக்காரர்கள் ஜமைக்காவிலிருந்து கீரிகளை இறக்கினார்கள். ஜமைக்காவுக்கு அவை போனது 1872இல் கல்கத்தாவிலிருந்து. கீரி பகலில் இரை தேடும், எலி இரவில். எலி பாட்டுக்குக் கரும்பைத் தின்றுகொண்டிருந்தது, கீரி தரையில் கூடு கட்டும் பறவைகளின் முட்டையைத் தின்று தீர்த்தது. இன்றும் குப்பைத்தொட்டியைத் திறந்தால் ஒன்று எதிரே நின்று முறைக்கும்.

மைனாவும் நம் ஊர்தான். 1860களில் பயிர்ப் புழுவைப் பிடிக்கக் கொண்டுவந்தார்கள்.

குறும்பலா

ஆக கம்பெனிக்கு உழைக்காமல் செட்டிலான ஒரே இந்தியன் கீரிதான். மகிழ்ச்சி.

கரும்புத்தோகை

கறுப்பு_மை தம்பிக்கு. கோத்தோவின் கதை எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். நீங்கள் சொன்ன கூலிக் கணக்கும் தெரியும். ஆனால் மாமியார் எந்த வருடங்களைப் பற்றிப் பேசுகிறார் என்று பாருங்கள். அவர் குமரியாக வயலுக்குப் போனதும், கல்யாணம் ஆனதும், பிள்ளைகளைப் படிக்க வைத்ததும் எல்லாம் 1946க்கு அப்புறம். அந்த வருடத்துக்கு முந்தைய தோட்டமும் பிந்தைய தோட்டமும் ஒன்றே அல்ல.

1946இல் என்ன நடந்தது? சம்பளம் கூட்டிக் கேட்பார்கள், வேலைநிறுத்தம் வரும் என்று முதலாளிகளுக்கு முன்கூட்டியே தெரியும். பிலிப்பைன்ஸிலிருந்து ஆறாயிரம் ஆண்களை இறக்கினார்கள். மாமனார் அதில் ஒருவர். ஆனால் தொழிற்சங்கக்காரர்கள் கப்பலுக்குள்ளேயே ஏறி, ஹவாய் மண்ணை மிதிக்குமுன்னே அவர்களை உறுப்பினர்களாகச் சேர்த்துவிட்டார்கள். இலோகோஸ்காரர்களின் மொழியான இலோகானோ பேசத் தெரிந்த ஆள் ஒருவர் கப்பலில் சமையலறைப் பக்கம் வந்து பேசினார் என்று மாமனார் சொல்வார்.

செப்டம்பர் 1ஆம் தேதி வேலையை நிறுத்தினார்கள். 33 தோட்டங்கள், ஏறத்தாழ 26,000 தொழிலாளர்கள், 79 நாட்கள். முன்பு 1909இல் ஜப்பானியர்கள் மட்டும் நின்றார்கள், தோற்றார்கள். 1924இல் பிலிப்பினோக்கள் மட்டும் நின்றார்கள். கவாய் தீவில் ஹனபேபே என்ற ஊரில் 16 தொழிலாளர்களும் 4 போலீஸ்காரர்களும் செத்தார்கள். 1946இல்தான் எல்லா கேம்பும் ஒரே சங்கத்தில் நின்றது. பொதுச் சமையல் போட்டார்கள். ஒரு கோஷ்டி காட்டுப்பன்றி வேட்டைக்கு, ஒரு கோஷ்டி மீனுக்கு, ஒரு கோஷ்டி காய்கறிக்கு. மாமியார் ‘டப்பாவை நடுவில் வைத்தோம்’ என்பது அந்த நாட்களில் பழகியதுதான் என்று நினைக்கிறேன். இனவாரியாகக் குடிவைத்த கம்பெனியா அதைச் சொல்லிக்கொடுத்தது?

அதற்குப் பின்தான் வீடும் மருத்துவமும் முதலாளி மனமிரங்கித் தருவது என்ற நிலை போய் ரொக்கச் சம்பளமாக மாறியது. ஓய்வூதியம், மருத்துவக் காப்பீடு எல்லாம் அடுத்தடுத்த ஒப்பந்தங்களில் வந்தது. உலகத்திலேயே அதிகச் சம்பளம் வாங்கும் கரும்புத் தொழிலாளர்கள் ஹவாய்க்காரர்கள் என்ற நிலை வந்தது. அந்த முப்பது, நாற்பது வருடத்தைத்தான் வயசானவர்கள் ‘பிளாண்டேஷன் நாட்கள்’ என்று ஏங்கிச் சொல்கிறார்கள். அது சங்கம் வாங்கித் தந்த நாட்கள். பெயர் மட்டும் தோட்டத்தின் கணக்கில் எழுதப்பட்டுவிட்டது. என் கணவரிடம் இதைச் சொன்னால் ‘அம்மாவிடம் போய்ச் சொல்’ என்று நழுவிவிடுவார்.

கறுப்பு_மை

இது நான் யோசிக்காத கோணம், அக்கா. ஒரு கேள்வி மட்டும். அதே சம்பளம்தான் ஆலையை மூட வைத்தது என்று கம்பெனிகள் சொல்லவில்லையா?

கரும்புத்தோகை

சொன்னார்கள், இன்னும் சொல்கிறார்கள். பாதி உண்மை. மக்காச்சோளச் சர்க்கரைப் பாகு வந்து குளிர்பானக் கம்பெனிகள் கரும்புச் சர்க்கரையை விட்டன. நம் ஊரில் பத்துப் பன்னிரண்டு மாதத்தில் வெட்டுகிற கரும்பு ஹவாயில் இரண்டு வருடப் பயிர்; அதுவரை பணம் மண்ணில் கிடக்கிறது. ஹமாகுவாவோ சரிவு நிலம், மழை நிலம். கனரக வண்டியை விட்டுக் கரும்பை வழித்து எடுத்தால் பாதி மண்ணும் சேர்ந்து வரும். அந்தச் சேற்றையும் சக்கையையும் ஆலை கழுவிக் கடலில் தள்ளிக்கொண்டிருந்தது. 1970களில் சுற்றுச்சூழல் சட்டம் வந்து அதை நிறுத்தச் சொன்னதும் செலவு ஏறியது. மேலே கடன். ஹமாகுவாக் கம்பெனி 1992இல் திவால் நீதிமன்றத்துக்குப் போனது, 1994இல் கடைசி அறுவடை. கூலியை மட்டும் குறை சொன்னால் மற்ற கணக்கையெல்லாம் யார் சொல்வது?

செம்புழுதி

நான் மாவி தீவில் இருக்கிறேன். ஹமாகுவாவில் மூடியபோது நான் இந்தப் பக்கமே வரவில்லை, ஆனால் ஹவாயின் கடைசி ஆலை மூடியதை நேரில் பார்த்தேன். பூனேனேயில், 2016 டிசம்பர். 36,000 ஏக்கர் கரும்பு, ஏறக்குறைய 675 பேருக்கு வேலை போனது.

அதற்கு முன்பு வரை அறுவடைக்கு முன் வயலுக்குத் தீ வைப்பார்கள். கரித்தூள் மிதந்து வந்து விழும், ‘கருப்புப் பனி’ என்பார்கள். கொடியில் துணி காயப்போட்டிருந்தால் அவ்வளவுதான். ஆஸ்துமாப் பிள்ளைகளின் பெற்றோர் எத்தனையோ காலம் சண்டை போட்டார்கள். ஆலையை மூடியதும் ‘சரி, இனி காற்று சுத்தம்’ என்று எங்களில் பலர் நினைத்தோம்.

கரும்பை எடுத்துவிட்டு நிலத்தைச் சும்மா விட்டால் அங்கே காடு வராது, கோரையாகக் காட்டுப் புல்தான் வரும். ஆப்பிரிக்காவிலிருந்து தீவனத்துக்கு வந்த கினிப்புல், ஆள் உயரம் வளரும், வெயிலில் காய்ந்து சருகாகிவிடும். லஹைனாவில் ஆலை மூடியது 1999இல். மேலே சரிவு முழுக்க அப்படிப் புல் மண்டிக் கிடந்தது. 2023 ஆகஸ்ட் 8ஆம் தேதி பலத்த காற்று, தீ. நூறு பேருக்கு மேல் போய்விட்டார்கள். ஊரே சாம்பல். பழைய ஆலையின் புகைபோக்கி மட்டும் நின்றது. தீ பிடித்ததற்கும் பரவியதற்கும் காரணங்கள் பல உண்டு, எல்லாவற்றையும் கரும்பின் தலையில் கட்டவில்லை. ஆனால் தோட்டம் போன பின் அந்த நிலத்தை யார் பராமரிக்க வேண்டும் என்ற கேள்விக்கு அத்தனை வருடம் யாரும் பதில் சொல்லவில்லை.

பூனேனே நிலத்தில் 41,000 ஏக்கரை 2018 டிசம்பரில் புதிய கம்பெனி ஒன்று 26 கோடியே 20 லட்சம் டாலருக்கு வாங்கியது. இப்போது எலுமிச்சை, காப்பி, காய்கறி என்று ஏதோ வருகிறது. தண்ணீர் யாருக்கு என்ற சண்டை மட்டும் மாறவில்லை.

வைகைக்கரை, ஹொனோகா ஈரப் பக்கம், எங்களைப் போல அவ்வளவு தீப்பயம் இல்லை. ஆனாலும் பார்க்கும் வீட்டுக்குப் பின்னால் என்ன முளைத்திருக்கிறது என்று ஒரு நடை பாருங்கள்.

வைகைக்கரை

படங்களில் ஊரைச் சுற்றி நெடுநெடுவென்று மரமாகத் தெரிகிறதே. அது காடுதானே?

மழைத்தீவு

தைலமரம். ஆலை மூடிய பின் ஹமாகுவா நிலத்தில் பெரும்பங்கை பிஷப் எஸ்டேட் வாங்கியது. ஹவாய் இளவரசி ஒருவர் விட்டுச் சென்ற அறக்கட்டளை, இப்போது கமேஹமேஹா பள்ளிகள் என்ற பெயரில் ஹவாய்ப் பிள்ளைகளுக்காகப் பள்ளி நடத்துகிறது. அவர்கள் குத்தகைக்கு விட்ட நிலத்தில் ஒரு கம்பெனி தைலமரம் நட்டது. வெட்டி என்ன செய்வது என்பதில்தான் வருடங்கள் ஓடின. பெபேஎகேயோ என்ற இடத்தில் பழைய ஆலையின் மின்நிலையத்தை எடுத்து, இந்த மரத்தை எரித்து மின்சாரம் எடுக்கலாம் என்று புதிதாக ஏறக்குறையக் கட்டிக்கூட முடித்தார்கள். கட்டணமும் அதிகம், புகைக் கணக்கும் சரியில்லை என்று மாநில ஆணையம் 2022இல் மறுத்தது. 2023இல் ஹவாய் மாநில உச்ச நீதிமன்றமும் ஆணையத்தின் பக்கமே தீர்ப்பு சொன்னது. கட்டடம் சும்மா நிற்கிறது.

எனக்கு இதில் ஒரு வருத்தம் உண்டு. மூடிய வேகத்தில் ஐந்து ஏக்கர், பத்து ஏக்கர் என்று பழைய தொழிலாளர்களுக்கு நீண்டகாலக் குத்தகைக்குக் கொடுத்திருந்தால் இன்று கரையின் நிறமே வேறாக இருந்திருக்கும். அப்படிக் கிடைத்த கொஞ்சம் பேர் என்னவெல்லாம் செய்கிறார்கள் பாருங்கள்: தேயிலை, வனிலா, காளான், இஞ்சி, ஊதாச் சர்க்கரைவள்ளி. மெகடேமியாக் கொட்டையின் முதல் மரத்தை ஹவாயில் நட்டதே ஹொனோகாவுக்குப் பக்கத்தில் குகுயிஹைலேயில்தான், 1880களில்.

கரும்புத்தோகை

தொழிலாளர்களுக்கு என்று சொன்னீர்கள், சரி. அவர்களுக்கும் முன்னால் இருந்தவர்கள்? கரும்பை இந்தத் தீவுகளுக்குக் கொண்டுவந்ததே ஹவாய்க்காரர்களின் முன்னோர்தான், படகில், சேம்போடும் வாழையோடும் சேர்த்து. வயல் ஓரத்தில் காற்றுத் தடுப்பாக நட்டு, மென்று தின்றார்கள். ஹொனோகாவிலிருந்து சாலை முடியும் இடத்தில் வைபியோ பள்ளத்தாக்கு, சேம்பு விளையும் ஈர வயல்கள். கரும்புக்காக 1910இல் கீழ் ஹமாகுவா வாய்க்கால் வெட்டி அந்தப் பள்ளத்தாக்குக்கு வர வேண்டிய ஓடைகளை மேலேயே திருப்பினார்கள். ஆலை போய்விட்டது, வாய்க்கால் ஓடிக்கொண்டிருக்கிறது. இப்போது மேட்டு விவசாயிகளுக்குப் பாய்கிறது. அவர்களில் எங்கள் உறவினர்களும் உண்டு. கீழே சேம்பு நட்டவர்களிடம் போய் நாங்கள் நியாயம் பேச முடியாது.

வைபியோ சாலையை 2022 பிப்ரவரியில் வெளியூர்க்காரர்களுக்கு மூடிவிட்டார்கள், சரிவு ஆபத்து என்று. மேலே நின்று பார்க்கலாம். வழி உண்டா என்று ஊர்க்காரர்களை நச்சரிக்காதீர்கள்.

ரயில்பித்தன்

தலைப்புக்குச் சம்பந்தம் குறைவு, ஆனாலும்: ஹிலோவிலிருந்து பாவுயிலோ வரை ரயில் ஓடியது, ஒவ்வொரு பள்ளத்தின் மேலும் பிரம்மாண்டமான பாலம். 1946 ஏப்ரல் 1ஆம் தேதி சுனாமி வந்து பாலங்களைப் பெயர்த்தது. லௌபாஹோஎஹோஎ பள்ளியில் மாணவர்களும் ஆசிரியர்களுமாக இருபதுக்கு மேற்பட்டோர் போனார்கள். ரயில் கம்பெனி திரும்ப எழவேயில்லை. மிஞ்சிய பாலங்களைத்தான் அகலப்படுத்தி இப்போதைய நெடுஞ்சாலைக்கு எடுத்துக்கொண்டார்கள். ஹிலோவுக்குக் காரில் போகும்போது பாலத்துக்குக் கீழே பாருங்கள். ஓட்டுபவர் பார்க்க வேண்டாம்.

வைகைக்கரை

ஒரு இழையில் இவ்வளவு எதிர்பார்க்கவில்லை, நன்றி. மனைவி முழுவதும் படித்துவிட்டாள், சீலிங் பதிவு உட்பட. வேலைக்குச் சரி சொல்லியாகிவிட்டது. இனி சில்லறைக் கேள்விகள். சாப்பாடு? பையன் பள்ளியில் ஒட்டுவானா? கோயில்? வீட்டுக் கொல்லையில் ஏதாவது போடலாமா?

கரும்புத்தோகை

சாப்பாட்டுக்குக் கவலை வேண்டாம். பிலிப்பினோ வீடு இருக்கிற இடத்தில் முருங்கை மரம் இருக்கும். இலோகானோக்கள் கீரையும் தின்பார்கள், காயும் தின்பார்கள். பாகற்காய், காராமணி, சேப்பங்கிழங்கு, வாழைப்பூ எல்லாம் உழவர் சந்தையில் கிடைக்கும். பருப்பு, புளி, மசாலாவை டெக்சஸிலிருந்தே மூட்டை கட்டிக் கொண்டுவாருங்கள். இங்கே எல்லாமே கப்பலில் வருவதால் விலை கன்னாபின்னா. செடி, விதை மட்டும் பெட்டியில் ஒளித்து வைக்காதீர்கள், விமான நிலையத்தில் வேளாண் சோதனை கடுமை.

பையன் ஒட்டுவான். வகுப்பில் பாதிப் பிள்ளைகளுக்கு நாலைந்து இனத்து இரத்தம் ஓடும். யாரும் ‘நீ எங்கிருந்து வந்தவன்’ என்று உறுத்திக் கேட்க மாட்டார்கள். ‘எந்த ஸ்கூல்’ என்றுதான் கேட்பார்கள். பெரியவர்களை அங்கிள், ஆன்ட்டி என்றே கூப்பிட வேண்டும், பெயர் சொல்லி அழைத்தால் வளர்ப்பு சரியில்லை என்பார்கள். செருப்பு வாசலோடு. கோடையில் ஜப்பானியக் கோயில்களில் முன்னோர்களுக்காக ‘போன்’ ஆட்டம் நடக்கும், வட்டமாகச் சுற்றி ஆடுவார்கள், யார் வேண்டுமானாலும் நுழையலாம். முதல் வருடமே குடும்பத்தோடு போய் நில்லுங்கள். ஊரில் பாதிப் பேர் அங்கேயே அறிமுகமாகிவிடுவார்கள்.

மழைத்தீவு

கோயிலுக்கு விமானம் ஏற வேண்டும். கவாய் தீவில் சைவ ஆதீனம் இருக்கிறது, அங்கே கருங்கல்லில் கட்டிய இறைவன் கோயிலுக்கு 2023 மார்ச்சில் குடமுழுக்கு நடந்தது. கற்களை பெங்களூர் பக்கம் செதுக்கிக் கப்பலில் கொண்டுவந்தார்கள். முன்கூட்டியே எழுதிக் கேட்டுவிட்டுப் போங்கள்.

கொல்லைக்கு இரண்டு எச்சரிக்கை. ஒன்று, தோட்டக் காலத்தில், இரண்டாம் உலகப் போருக்கு முன்பெல்லாம், களைக்கொல்லியாக ஆர்செனிக் தெளித்தார்கள். பழைய கேம்ப், பழைய வயல், மருந்து கலக்கும் கொட்டகை இருந்த இடங்களில் மண்ணில் அது இன்னும் இருக்கலாம். வீட்டுக்காரரிடம் மண் சோதனை அறிக்கை கேளுங்கள். இல்லையென்றால் உயரப் பெட்டி கட்டி, வாங்கிய மண்ணில் கீரை போடுங்கள். பையன் மண்ணில் விளையாடினால் கை கழுவ வையுங்கள். இரண்டாவது, நத்தை, அட்டைப்பூச்சி மாதிரி ஊரும் ஓடில்லா நத்தை. எலியின் நுரையீரலில் வளரும் ஒரு புழு அவற்றில் தங்கி, கழுவாத கீரை வழியாக மனிதனின் மூளைக்குப் போகிறது. இந்தத் தீவில் உண்மையாகவே ஆட்கள் படுத்துவிட்டார்கள். பச்சையாகத் தின்னும் எதையும் இலை இலையாகக் கழுவுங்கள். வேகவைத்தால் பயமில்லை, அந்த வகையில் நம் சமையல் காப்பாற்றிவிடும்.

வைகைக்கரை

இணையம்?

மழைத்தீவு

கடைவீதிப் பக்கம் கேபிள் வருகிறது. கேம்புக்குக் கேம்ப் மாறும், ஆகவே ‘ஹொனோகாவில் உண்டா’ என்று கேட்காமல் வீட்டு முகவரியைக் கொடுத்துக் கேளுங்கள். மரம் விழுந்து மின்சாரம் போவது சகஜம், ஒரு பேட்டரி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஊருக்கு வந்ததும் தனிச்செய்தி அனுப்புங்கள். எங்கள் வீட்டு முருங்கையில் போத்து வெட்டித் தருகிறேன்.